முப்பத்தெட்டு வயதில் ஐடிஐ சேர்ந்தேன்

2022 ஆகஸ்ட்டில், அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு இரண்டு பெயர்கள் இருப்பது தெரியவந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பட்டச் சான்றிதழிலும் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருந்தது. ஆதார் அட்டையில் கணவரின் முதலெழுத்து இருந்தது. திருமணமான சில ஆண்டுகள் கழித்து ஆதாருக்குப் பெயர் பதியப் போனபோது, அங்கிருந்த பையன் "இனிஷியல் வீட்டுக்காரர் பேருதானுங்க்கா?" என்று கேட்டதும், நான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு தலையாட்டலுக்கு இப்போது விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மேசையில் இருந்த அலுவலர் முகம் சுளிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் திருத்திக்கொண்டு வரும்படி சொல்லி, பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், எந்தப் பெயர் நிலையானது என்பதை அன்றே முடிவு செய்ய வேண்டியிருந்தது. படிப்புச் சான்றிதழ்களை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை மாற்ற அன்று ஐம்பது ரூபாய் போதும் என்று கணக்குப் பார்த்து, மீண்டும் அப்பாவின் முதலெழுத்துக்கே திரும்பினேன். திருமணத்துக்கு முன் வேலை பார்த்த காலத்தில் எடுத்த பான் அட்டை பழைய பெயரிலேயே இருந்ததால் அதுவே சான்றாயிற்று. வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்தார்; அத்தைக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குத் திரும்ப விரும்பும் பெண்களிடம் எல்லோரும் "எந்தக் கோர்ஸ் படிக்கலாம்" என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் படிப்பு பிறகு வருவது. அதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி, பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஆகிய மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவையும் அந்த வரிசையில் இருக்க வேண்டும். சேர்க்கைக்கான அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்கினால் காலம் போதாது.

நான் பி.காம். படித்தவள். கரூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2008-இல் திருமணத்தோடு நின்றுவிட்டேன். நான் வேலையில் இருந்தபோதுதான், 2007 ஜனவரியில், தமிழ்நாட்டில் விற்பனை வரி போய் வாட் வந்தது. அதன் படிவங்களைக் கையால் நிரப்பியவர்களுள் நானும் ஒருத்தி. நான் அடுப்படியில் இருந்த காலத்தில் வாட்டும் போய், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்துவிட்டது. கையில் பட்டம் இருக்கிறது, ஆனால் அது எந்த வேலைக்காகப் படித்ததோ அந்த வேலையே உருமாறிவிட்டது. இந்த உண்மையை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன் இரண்டு முறை தவறான கதவைத் தட்டினேன். 2019-இல், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் முப்பது நாள் தையல் பயிற்சிக்குப் போனேன். மாவட்டத்துக்கு ஒன்று என்று முன்னோடி வங்கிகள் நடத்தும் இந்த நிறுவனங்களில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். தங்க விரும்புபவர்களுக்கு இடமும் உண்டு. பயிற்சி நன்றாகவே இருந்தது. அளவெடுப்பது, வெட்டுவது, காஜா எடுப்பது எல்லாம் கற்றுக்கொண்டேன். குறை என்னிடம்தான் இருந்தது: அது பெயரிலேயே சொல்வதுபோல சுயதொழிலுக்கான பயிற்சி, எனக்கோ வியாபாரம் செய்யும் மனம் இல்லை. பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டேன். அக்கம்பக்கத்தார் ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று கூலியைக் கடன் சொல்லிப் போனார்கள். கேட்க எனக்கு நா எழவில்லை. காசு கேட்கத் தெரியாதவளுக்குக் கடை எதற்கு என்று அத்தை சொன்னது கடுமையாக இருந்தாலும் சரியாகவே இருந்தது. பிறகு கொரோனா வந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இரண்டாவது, 2021-இல் நகரத்தில் ஒரு தனியார் கணினி மையம். வாசலில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற பலகை இருந்தது. 12,000 ரூபாய் கட்டி மூன்று மாதம் கணினிக் கணக்கியல் படித்தேன். முடிவில் கொடுத்த சான்றிதழைப் பழைய அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டினேன்; அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பேப்பர் மட்டும்தாம்மா கெட்டியா இருக்கு" என்றார். சான்றிதழை வழங்குவது எந்த அமைப்பு, அதன் எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளிலும், 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் பயிற்சித் திட்டத்திலும் பயிற்சி பெறுபவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடலாம்.

ஐடிஐ பற்றி நான் யோசித்ததே இல்லை; அது பதினாறு வயதுப் பையன்கள் ஃபிட்டர், வெல்டர் படிக்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். 2022-இல் மகளின் பள்ளித் தோழியின் அண்ணனுக்காகச் சேர்க்கை அறிவிப்பைப் படித்துச் சொல்லும்போது ஒரு வரியில் கண் நின்றது: ஆண்களுக்கு நாற்பது வயது வரை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. பாடநூல், சீருடை, காலணி, மிதிவண்டி ஆகியவை விலையில்லாமல். இணையத்தில் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்தான் செலவு. அந்தப் பையனுக்கு விண்ணப்பித்த அதே மாலையில் எனக்கும் விண்ணப்பித்தேன். அவனுக்கு ஃபிட்டர் கிடைத்தது, எனக்குக் கோபா கிடைத்தது. கோபா என்பது கணினி இயக்குபவர் மற்றும் நிரல் உதவியாளர் என்ற ஓராண்டுப் பிரிவுக்கு ஐடிஐ வட்டாரத்தில் வழங்கும் பெயர்.

பி.காம். முடித்தவள் பத்தாம் வகுப்புத் தகுதியைக் காட்டி ஐடிஐ சேருவதா என்று உறவில் பலர் கேட்டார்கள். கணவரும் முதலில் தயங்கினார். எனக்கு அதில் கூச்சம் இல்லாமல் இல்லை. ஆனால் தனியார் மையத்தில் பட்ட சூடு ஆறவில்லை. நாடு முழுவதும் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது, பணம் கட்ட வேண்டாம், ஒரே ஆண்டில் முடிகிறது என்ற மூன்றும் கூச்சத்தைவிட எடை கூடியவையாகத் தெரிந்தன.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. முதல் வாரம் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டார்கள். பிறகு அவர்களாகவே "அக்கா" ஆக்கிக்கொண்டார்கள். பாடம் நடத்திய ஜேடிஓ (இளநிலைப் பயிற்சி அலுவலர்) மேடம் என்னைவிட ஆறு வயது சிறியவர். அவர் என்னை "வாங்க, போங்க" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். ஒருவரையொருவர் எப்படி நடத்துவது என்று தெரியாமல் இருவரும் சில நாள் தடுமாறினோம். பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவரிடமே போய், மற்றவர்களைத் திருத்துவதுபோல என்னையும் எல்லோர் முன்னிலையிலும் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குப் படிப்பு ஏறியது. வயதுக்காகக் காட்டப்படும் சலுகை, வகுப்பறையில் நமக்கு எதிராகவே வேலை செய்யும்.

பிள்ளைகளுக்கு விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. எனக்கு ஒவ்வோர் எழுத்தையும் தேட வேண்டியிருந்தது. ஆனால் எக்செல் பாடம் வந்தபோது நிலைமை மாறியது. கூட்டல், சராசரி, நிபந்தனைச் சூத்திரம் ஆகியவற்றுக்குப் பயிற்சி செய்ய ஏதாவது உண்மையான கணக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பால் கணக்கு நாட்காட்டியில்தான். தேதிக் கட்டத்துக்குள் அரை, முக்கால், ஒன்று என்று லிட்டரை எழுதி, விருந்தாளி வந்த நாளில் கூடுதலாக வாங்கியதைச் சுழித்து, மாதக் கடைசியில் கூட்டிப் பால்காரருக்குக் கொடுப்பது பதினான்கு ஆண்டுப் பழக்கம். பரணில் கிடந்த நான்கு ஆண்டு நாட்காட்டிகளைத் தூசி தட்டிக் கொண்டுபோய், நாள்வாரியாக ஏற்றி, மாதவாரியாகத் தொகுத்தேன். பால் விலை ஏறிய மாதங்களில் நாங்கள் வாங்கிய அளவு குறைந்திருந்ததும், மாமா இறந்த மாதத்தில் அளவு மும்மடங்காகியிருந்ததும் வரைபடத்தில் தெரிந்தன. மேடம் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். வீட்டில் நான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சான்று அந்த வரைபடம்தான்.

படிப்பைவிடக் கடினம் வருகைப்பதிவு. தேர்வு எழுத எண்பது விழுக்காடு வருகை வேண்டும். காலையிலிருந்து மாலை வரை முழுநேர வகுப்பு. பகுதிநேரம், மாலை நேரம் என்று எதுவும் இல்லை. இந்த ஏற்பாடு பதினாறு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இரண்டாம் வகுப்புப் பையனும் ஏழாம் வகுப்புப் பெண்ணும் உள்ள தாயை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. வயது வரம்பை நீக்கிக் கதவைத் திறந்துவிட்ட அரசு, அந்தக் கதவு வழியாக வருபவள் யாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்பதையும் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: நான்கு மணிக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலை முடிப்பேன், பள்ளிவிட்டு வரும் பையனை அத்தை பார்த்துக்கொள்வார், மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் அத்தையை அவருடைய தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டுவர வேண்டும். உதவியை உதவியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் மூன்றாம் மாதத்தில் வீட்டில் முணுமுணுப்பு வரும். யார் எதைச் செய்வது, அதற்குப் பதிலாக அவருக்கு என்ன என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. பையனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு மாதத்தில் ஒன்பது நாள் விடுப்புப் போட்டேன். அதனால்தான் பிறகு உறவில் நடந்த இரண்டு கல்யாணங்களுக்கு முகூர்த்தத்துக்குப் போகாமல் முதல்நாள் மாலை வரவேற்புக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு வந்தேன். அதற்கு வாங்கிய பேச்சு தனிக் கதை.

2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்திருந்தது எனக்குப் பெரிய கொடை. போகவர நாள்தோறும் நாற்பது ரூபாய் ஆகியிருக்கும். அப்படிப் பார்த்தால் பேருந்து கொடுத்தது, மாத உதவித்தொகையைவிட அதிகம். ஆனால் அந்தச் சலுகை வெளியூர் செல்லும் பேருந்துகளுக்குப் பொருந்தாது. எங்கள் ஊர் வழியாக டவுன் பஸ் காலையில் இரண்டே நடைதான். அதில் ஒன்றை விட்டால் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். ஆகவே பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைப் பார்க்காமல் டவுன் பஸ் வரும் நேரத்தைப் பார்க்கும்படி இப்போது என்னிடம் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

உதவித்தொகை முதல் மூன்று மாதம் எனக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு வந்திருந்தது. விசாரித்தால், நான் கொடுத்திருந்தது திருமணத்துக்கு முந்தைய சம்பளக் கணக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவுசெலவு இல்லாத கணக்கை வங்கி செயல்படாத கணக்காக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. வங்கியில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு என்று மூன்று முறை அலையவிட்டார்கள். புகைப்படம், ஆதார், பான் நகல்களைக் கொடுத்து, ஆதாரை இணைத்து, நூறு ரூபாய் கட்டிக் கணக்கை உயிர்ப்பித்த பிறகுதான் நிலுவையெல்லாம் சேர்ந்து வந்தது. கணவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு போதுமே என்று சிலர் சொன்னார்கள். என் பெயரில் தனியாக ஒரு கணக்கு உயிரோடு இருப்பது நல்லது என்பதே என் கருத்து, அது உதவித்தொகைக்காக மட்டும் அல்ல.

2023-இல் தேர்வு. எழுத்துத் தேர்வு கணினியிலேயே நடந்தது. செய்முறைத் தேர்வு தனி. தேர்ச்சி பெற்றேன் என்பதோடு அதை விட்டுவிடலாம், ஏனென்றால் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சான்றிதழை எடுத்துக்கொண்டு நேராக வேலை கேட்டுப் போன நான்கு இடங்களிலும் ஒரே கேள்வி: "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" முதல் இரண்டு இடங்களில் "வீட்டில்தான் இருந்தேன்" என்றேன். அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிட்டது.

அப்போது ஜேடிஓ மேடம்தான் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்குப் போகச் சொன்னார். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனங்கள் இப்படிப் பயிற்சியாளர்களை எடுத்துக்கொள்கின்றன. 2019-இல் திருத்திய விதிகளின்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது மாதம் 7,000 ரூபாயாக இருந்தது. அதில் அரசின் பங்கு கால் பகுதி, அதிகபட்சம் 1,500 ரூபாய். நிறுவனத்துக்குச் செலவு குறைவு என்பதால், இடைவெளி விழுந்த என்னைப் போன்றவளைச் சோதித்துப் பார்க்க அவர்கள் தயங்குவதில்லை. சேர்க்கை முகாம் ஒன்றில், மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு கரூர் நிறுவனத்தில் ஓராண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. மூன்றாம் வகுப்பில் இருந்த என் பையன் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடுவான். நான்கு மணிக்கு எழுந்தவள் ஐந்து மணிக்கு எழுந்தேன். பெண்களை வேலைக்குத் திருப்புவதற்கென்று பெயர் வைத்த எந்தத் திட்டமும் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தந்ததில்லை.

தொழிற்பழகுநர் பயிற்சியைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அது வேலை அல்ல. வருங்கால வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும் அதில் கிடையாது. ஆண்டு முடிந்ததும் நிறுவனம் நம்மை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆகவே அந்த ஓராண்டில் நம்மால்தான் நடக்கும் வேலை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தது பேக்கிங் லிஸ்ட். எத்தனை அட்டைப்பெட்டி, பெட்டிக்கு எத்தனை உருப்படி, நிறம், அளவு, எடை என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பட்டியல் போகும். நான்காம் மாதத்தில் ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது 52 பெட்டிக்கு 24 உருப்படி வீதம் 1,248 வர வேண்டிய இடத்தில் 1,284 என்று இருந்தது. எண்கள் இடம் மாறியிருந்தன. பால் கணக்கில் கண் பழகியவளுக்கு அது உடனே உறுத்தியது. சரக்கு லாரியில் ஏறுவதற்கு முன் சொன்னேன். மேலாளர் கீழே போய்ப் பெட்டிகளை எண்ணிவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் பட்டியலைத் திருத்தினார். அடுத்த வாரத்திலிருந்து எல்லாப் பட்டியல்களும் என் மேசை வழியாகத்தான் போயின.

ஓராண்டு முடிவில் 11,000 ரூபாய்க்கு நிரந்தரம் செய்வதாகச் சொன்னார்கள். நான் வேறு இரண்டு நிறுவனங்களில் கேட்டு, அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பேசினேன். 13,500 என்று முடிந்தது, வைப்பு நிதி தனி. ரவிக்கைக் கூலியைக் கேட்கத் தெரியாதவள் சம்பளத்தைக் கேட்டேன் என்பதில் எனக்கே ஆச்சரியம்தான். இடைவெளி பற்றிய கேள்வி அந்தப் பேச்சில் எழவே இல்லை. கடைசி ஓராண்டு அதை மூடிவிட்டிருந்தது.

இப்போது என்னிடம் வழி கேட்பவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. சொந்தமாகத் தொழில் செய்யும் துணிவும் காசு கேட்கும் வாயும் உள்ளவர்களுக்கு ஊரக சுயவேலைவாய்ப்பு நிறுவனம் நல்ல இடம். பயிற்சி முடிந்த பிறகும் தொடர்ந்து விசாரித்து, வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். ஊரகக் குடும்பங்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திட்டத்தில் பெண்களுக்கு நாற்பத்தைந்து வயது வரை இடம் உண்டு. ஆனால் அதில் பல பயிற்சிகள் தங்கிப் படிப்பவை, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒத்துவராது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து பதிவு மூப்பை இழந்தவர்களுள் நானும் ஒருத்தி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தங்கச்சி மஞ்சப்பையில் தன் சான்றிதழ்களை எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நடுக்கூடத்தில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினோம். முதலெழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி பன்னிரண்டு என்றும் ஆதாரில் இருபத்தொன்று என்றும் இருந்தது. பிறந்த தேதியை ஆதாரில் ஒரே முறைதான் மாற்ற முடியும் என்பதால், எதை மாற்றுவது என்று முடிவு செய்யும் முன் அவள் அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குத் தேதி நினைவில்லை, அன்று ஆடிப்பெருக்குக்கு மறுவாரம் என்கிறாராம்.